திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் இரண்டு மாதமாக நத்தை மாதிரி ஊர்ந்தது, ஒரு போட்டோ திறக்கவே ஒரு நிமிடம், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நின்றது. சரி என்று கடைக்குத் தூக்கிப் போனால், மூடியைக்கூடக் கழற்றாமல் "ஹார்ட் டிஸ்க் போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலை பற்றித் தானே எழுதி வைக்கும் கணக்கை, பார்த்தேன். அதில் சி5 என்ற வரியின் எண் பூஜ்யம், அது ஏறியிருந்தால் டிஸ்க்கின் உள்ளே தகவல் பதியும் தட்டில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள், முதல் வேலையாகப் பைல்களை நகலெடுக்க வேண்டும். சி7 என்ற வரி மட்டும் தினமும் ஏறியது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதன் கணக்கு அது, பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். கேபிள் முனையின் சின்னக் கொக்கி உடைந்து, தொட்டாலே ஆடியது. புதுக் கேபிள் மாட்டியதும் பழைய வேகம் வந்துவிட்டது. சி7 எண் குறையாது, ஏறாமல் நின்றால் போதும், நின்றுவிட்டது.

பழுதுபார்க்கும் நண்பர்களே, புது டிஸ்க் விலையைச் சொல்லும் முன் அந்தக் கேபிளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

- ஒரு வாசகர், மதுரை