'பிடித்த குழந்தையைத் தேர்வு செய்யுங்கள்' என்ற வரி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதன் மூன்றாவது பத்தியில், 'முதலில் மனதுக்குப் பிடித்த குழந்தையைத் தேர்வு செய்துகொள்ளுங்கள், மற்றதை முகவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இதழை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டில் உங்கள் இதழை முதலில் பிரிப்பவள் பதினாறு வயதான என் மகள். நான்கு வயதில் வேறொரு நாட்டிலிருந்து எங்களிடம் வந்தவள்.

நாங்களும் அந்தத் தவற்றைச் செய்தவர்கள்தான் என்பதால் எழுதுகிறேன். தொடக்கத்தில் ஓர் இடைத்தரகர் எங்களுக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். இரண்டு வயதுப் பையன். நீல நிறக் கம்பளிச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. முன்பணம் கட்டினால் ஆறு மாதத்தில் உங்கள் பிள்ளை என்றார். கட்டினோம். அந்தப் படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். பிறகு தத்தெடுப்போருக்கான பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண்மணி, 'இவன்தான் எங்கள் பையன்' என்று கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். அதே நீலச் சட்டை, அதே இல்லாத பொத்தான். பெயர் மட்டும் வேறு. நாங்கள் இருவரும் அன்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பையன் யார், பெற்றவள் உயிரோடு இருந்தாளா, அவன் தத்துக்கு வந்த குழந்தைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணம் போனது பற்றி எழுத வரவில்லை.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதில் குழந்தைகளைப் பாதுகாக்க நாடுகள் செய்துகொண்ட ஹேக் உடன்படிக்கை தாங்கள் அறியாததல்ல. 1993இல் உருவானது, 1995இல் நடைமுறைக்கு வந்தது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் தாங்கள் வசிக்கும் நாட்டின் மைய அதிகார அமைப்பிடம்தான், அதாவது தத்தெடுப்பைக் கவனிக்க அந்நாடு நியமித்த அமைப்பிடம்தான், முதலில் விண்ணப்பிக்க வேண்டும் என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரின் சம்மதம் முறைப்படி கிடைப்பதற்கு முன் நாம் அவர்களையோ குழந்தையைப் பராமரிப்பவரையோ தொடர்புகொள்வதை 29ஆம் பிரிவு தடுக்கிறது. உறவுக்குள் தத்தெடுப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பெற்ற தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகுதான் பெறப்பட வேண்டும், அதற்குப் பணம் கைமாறக் கூடாது. ஒரு குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே தகுந்த குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்த பிறகே வெளிநாட்டுப் பேச்சு வர வேண்டும். இதில் நாம் குழந்தையைத் தேர்வு செய்யும் இடம் எது, ஐயா? ஒரு குழந்தைக்கு ஏற்ற குடும்பம் எது என்று அந்த நாட்டு அதிகாரிகள் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் குடும்பங்களில் ஒன்றாக நாம் இருக்கலாம், அவ்வளவுதான்.

தத்தெடுக்க நாம் தகுதியானவர்களா என்று பார்க்கும் வீட்டு ஆய்வைப் பற்றிக் கட்டுரையில் 'ஒரு சிறு சம்பிரதாயம்' என்று மட்டும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று எல்லாம் பார்த்தார். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவர் கேட்ட ஒரு கேள்வி: 'குழந்தை உங்களை அம்மா என்று அழைக்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?' அந்தக் கேள்விதான் எங்களைத் தயார்ப்படுத்தியது. மகள் வந்த புதிதில் பதினொரு இரவு செருப்பைக் கழற்றாமல் படுத்தாள். மறுபடி யாராவது எங்கேயாவது கூட்டிப்போவார்கள் என்று நினைத்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் கட்டிலுக்கு அடியில் இரண்டு செருப்பும் ஜோடியாக இருந்தன. பிடித்த படத்தைப் பார்த்து முகவரிடம் பணம் கட்டியவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தருவார்கள்?

'எளிதில் குழந்தை கிடைக்கும் நாடுகள்' என்று ஒரு பெட்டிச் செய்தி வேறு. தலைப்பே வலிக்கிறது. அந்தப் பட்டியலில் சீனாவும் எத்தியோப்பியாவும் இருக்கின்றன. எத்தியோப்பியா 2018இலேயே வெளிநாட்டவர் தத்தெடுப்பதைத் தடை செய்துவிட்டது. நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர வெளிநாடுகளுக்குக் குழந்தைகளை அனுப்புவதில்லை என்று சீனா 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. தென் கொரியாவில் பெற்றோர் உள்ள குழந்தைகளை அநாதை என்று போலியாகப் பதிந்து அனுப்பியதை அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025இல் வெளிப்படுத்தியது. இவையெல்லாம் உங்கள் மேசைக்கு வராத செய்திகள் அல்ல.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தத்துக் குடும்பத்தின் படத்துக்குக் கீழே 'புண்ணியம் தேடிக்கொண்ட தம்பதி' என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை, பொறுத்துக்கொண்டேன். என் மகள் யாருக்கும் புண்ணியக் கணக்கு அல்ல. இன்னொரு இதழில் 'நிஜ அம்மா' என்று எழுதினீர்கள். அவளைப் பெற்றவள் அவளுடைய அம்மா, நானும் அவளுடைய அம்மா. இதில் நிஜம் எது என்று தீர்ப்பு எழுத யாரும் உங்களைக் கேட்கவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் நான்கு வரியில் ஒரு திருத்தம். தத்தெடுக்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டியது தங்கள் நாட்டின் மைய அதிகார அமைப்பிடம் அல்லது அது அங்கீகரித்த நிறுவனத்திடம் என்றும், குழந்தையின் படத்தைக் காட்டி முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம் என்றும் போடுங்கள். அந்த நாடுகளின் பட்டியலையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். சென்ற இதழ் எங்கே என்று மகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்தே அவளிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி