ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங்: தேதிக்கு முன் காற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில்கள் மறுபடி தீவுக்குள் வந்த பிறகு, கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் போன்ற கைட் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) பழக ராமேஸ்வரம் வருவது எளிதாகிவிட்டது. ஆனால் வருபவர்களில் பலர் விடுமுறையைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். என்ன காற்று, அதற்கு எந்தக் கரை என்பதை வந்து இறங்கிய பிறகுதான் விசாரிக்கிறார்கள். இந்தத் தீவில் அப்படிச் செய்வது ஆபத்து.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. இடைப்பட்ட மாதங்களில் காற்றை நம்பி வர முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை மழையும் புயலும் சேர்ந்துகொள்ளும்.

தனுஷ்கோடி மணல்திட்டு தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. ஊர் வழக்கில் ஆண் கடல், பெண் கடல். கச்சான் ஆண் கடலிலிருந்து கரையேறி, திட்டைத் தாண்டி, பெண் கடலுக்குள் இறங்குகிறது. அதனால் ஜூன், ஜூலையில் பெண் கடல் குளம் போலக் கிடக்கும். புதிதாக வருபவர் ஏமாறுவது இங்கேதான். கரையோரம் அலை இல்லாததற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பது. கைட் நீரில் விழுந்து மறுபடி எழும்பாவிட்டால் ஆளை அது கரைக்குக் கொண்டுவராது. சர்வதேசக் கடல் எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் இதுவே தலைகீழ்: அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கக் கூடாது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில், இடுப்பளவு ஆழம் மட்டுமே உள்ள இடமும், இயந்திரம் ஓடத் தயாராக நிற்கும் மீட்புப் படகும் இருந்தாலொழியப் பயிற்சிக்குச் சம்மதிக்காதீர்கள். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கைட் அளவுக்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: உடல் எடையை (கிலோ) 2.2 ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தால் (நாட்; ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வகுத்தால் கைட்டின் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 75 கிலோ எடையுள்ளவருக்கு 15 நாட் காற்றில் 11, 20 நாட்டில் 8 சொச்சம். ஆகவே 12, 9 என இரண்டு கைட் போதும். கச்சான் உச்சத்தில் இருக்கும்போது 7 கைகொடுக்கும். கற்றுக்கொள்பவர் ஒரு அளவு குறைத்தே எடுக்கட்டும். காற்றின் வேகம் 15 நாட்டிலிருந்து 20 ஆனால் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று என்று வானிலை மையம் மீனவர்களை எச்சரித்தால், அது 24 முதல் 30 நாட். அனுபவசாலிகள் அந்த வேகத்திலும் ஓட்டுவார்கள் என்றாலும், சூறைக்காற்று நொடியில் ஏறி இறங்கும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் நாளில் கைட்டைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம்.

அடிப்படை கற்க 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி தேவை. காற்று ஏமாற்றும் நாட்களையும் சேர்த்து ஒரு வாரம் ஒதுக்குங்கள். கடலுக்குள் போகும் முன் குயிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டின் இழுவையை உடனே போக்கும் பிடி) ஒருமுறை இழுத்து, அது விடுபடுகிறதா என்று பாருங்கள். மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். தன்னைத் தானே மீட்கும் முறையையும் முதல் இரண்டு நாட்களுக்குள் கேட்டுப் பழகிவிடுங்கள்: குயிக் ரிலீஸை இழுத்து கைட்டின் வலுவைப் போக்கி, கயிற்றைப் பாரில் (கையில் பிடித்து கைட்டை ஓட்டும் தண்டு) சுற்றி முடிச்சிட்டு, அதைப் பிடித்தபடியே கைட்டை அடைந்து, மிதவையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைட்டை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. கடலில் தனி ஆளின் தலை கண்ணுக்குத் தெரியாது, கைட் தெரியும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை சீமைக் கருவேல முள். கைட்டை விரிக்கும் இடத்தை முதலில் நடந்து பாருங்கள். முள் குத்தினால் உள்ளே இருக்கும் காற்றுப் பையை வெளியே எடுத்து, சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு ஒட்டலாம், சைக்கிள் டியூப் போலத்தான். ஒட்டும் பொருள் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். காற்றடைத்த கைட்டை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் வால்வின் பசை இளகிவிடும்.

கரை நமக்கு மட்டும் சொந்தமல்ல. பாசி வளர்ப்பு மூங்கில் மிதவைகள், கரைவலைக் கயிறுகள், நாட்டுப்படகுகள் எல்லாம் அங்கே உண்டு. இருபது மீட்டருக்கு மேல் நீளும் கைட் கயிறு யார் மீது உரசினாலும் அறுத்துவிடும். காற்று போகும் திசையில் குறைந்தது 50 மீட்டர் வெறுமையாக இருந்தால்தான் கைட்டை எழுப்ப வேண்டும். வலை இழுப்பவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது மரியாதை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவுகளில் இறங்கத் தடை உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகளைக் கொண்டுவரக் கூடாது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் சரியாக இந்த இரண்டு காற்றுக் காலங்களிலேயே வருகின்றன. அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது. அக்னி தீர்த்தக் கரையில் எந்த நாளிலும் கைட்டை விரிக்கக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒன்று கேட்கிறோம். தனுஷ்கோடிச் சாலையின் இரு கரைகளிலும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்று கடலுக்குள் இழுக்கும் என்பதைப் படத்துடன் காட்டும் பலகை வையுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். அடுத்த கச்சான் தொடங்கும் மே மாதத்துக்கு முன்பே அவை நட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
கைட் சர்ஃபிங் பயிற்றுநர்கள்,
ராமேஸ்வரம்.