பவனி நடத்திய அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

மரியே வாழ்க.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பங்குகளில் இயங்கும் கத்தோலிக்க ஆண்கள் சபைகளின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் எழுதுகிறேன். பங்கில் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் என்னைப் பார்த்திருப்பீர்கள்.

மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏந்தி நீங்கள் நடத்திய பவனியில் நானும் நடந்தேன். ‘கருவில் வளரும் உயிரைக் காப்போம்’ என்று பேனர் பிடித்திருந்தீர்கள். அந்த வழியில் ஓர் ஓட்டு வீட்டு நடையில் நின்று சிலுவை போட்டுக்கொண்ட பெண்ணை உங்களில் பலருக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். அன்றைக்கு அவளுக்கு ஆறாம் மாதம். மூன்றாவது பிள்ளை. கொத்து வேலைக்குக் கேரளம் போன கணவன் முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினான், பிறகு போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டான். அண்டியாபீஸ் என்னும் முந்திரி ஆலையில் கொட்டைத் தோடு உடைத்துத்தான் அடுப்பு எரிந்தது. “இந்தக் காலத்துல மூணாமதா? கலைச்சிரு” என்று அவளிடம் சொன்னவர்கள் வேற்று ஊர்க்காரர்கள் அல்ல. அன்றைக்கு மெழுகுவர்த்தி பிடித்த வீடுகளிலிருந்தும் அந்தப் பேச்சு வந்தது. அவள் கலைக்கவில்லை.

ஏழாம் மாதம் உதவி கேட்டு ஒரு சபைக்கு மனு எழுதிக் கொடுத்தோம். 14 மாதச் சந்தா பாக்கி இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று மனு திரும்பி வந்தது.

பணத்தை விடுங்கள். எட்டாம் மாத முடிவில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார்கள். அவள் இரண்டு நாள் போகவில்லை. “யக்கா, நான் ஆசுபத்திரியில கெடந்தா இந்த ரெண்டையும் யாரு பாக்கது?” என்று போனில் கேட்டாள். நான் அப்போது திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கால் வீங்கி, கண் மங்கிய பிறகு 108-ஐக் கூப்பிட்டு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனாள். மாலையில் நான் ஓடிச் சேர்ந்தபோது அவள் அறுவை சிகிச்சை அறையில் இருந்தாள். வெளியே சிமெண்ட் திண்டில், ஐந்து வயது மூத்தவள் மூன்று வயதுத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ பன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதியை அம்மாவுக்கென்று பாவாடையில் மடித்து வைத்திருந்தது அந்தக் குழந்தை.

தாயும் சேயும் பிழைத்தார்கள். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனித தேவசகாயத்தின் மண்ணில், ஒரு பங்குக்கு இத்தனை சபை இருக்கிற ஊரில், கூட நிற்க ஓர் ஆள் இல்லாததால் அந்த இரண்டு நாளை அவள் இழந்தாள். அந்த இரண்டு நாளுக்குள் அவள் செத்தும் போயிருக்கலாம்.

அரசு கொடுக்கிறதே என்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. என் கையால் எத்தனையோ பேருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அது முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது உயிரைக் கலைக்காதே என்று சொல்வது நாம். அரசின் கை நிற்கிற அந்த இடத்தில் நம் கை நீள வேண்டாமா?

அமெரிக்காவில் கொலம்பஸ் வீரர்கள் என்றொரு கத்தோலிக்க ஆண்கள் சபை உண்டு. 1882-ல் மைக்கேல் மக்கிவ்னி என்ற குருவானவர் விதவைகளையும் அநாதைகளையும் நினைத்துத் தொடங்கியது. 2009 முதல் அங்குள்ள கர்ப்பிணி உதவி மையங்களுக்கு ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுக்கிறார்கள். உள்ளூர்க் கிளை பாதிப் பணம் திரட்டினால் தலைமை மறுபாதி தரும். பிள்ளை பிறந்த பிறகும் தாயைத் தாங்க வேண்டும் என்று 2022-ல் தனித் திட்டம் தொடங்கினார்கள். மெஷின் இங்கே சரிப்படாது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவி வைக்கவே கூடாது, அரசு மருத்துவமனையில் ஸ்கேன் இலவசமாகவே எடுக்கிறார்கள். அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது வேலையை.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு தாய்க்கு ஒரு குடும்பம். உங்கள் சபையில் ஒருவரும் அவர் மனைவியும், கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ஒரு தாய்க்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட நிற்க, மூத்த பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்க, ஆட்டோவுக்குக் கொடுக்க. பங்கு அலுவலகத்தில் ஓர் அறையும், இரவிலும் எடுக்கப்படும் ஒரு போனும் போதும். சந்தா ரசீதும் கல்யாணப் பத்திரமும் கேட்கக் கூடாது. வளர்க்கவே முடியாது என்கிற தாயைத் திட்டாமல், பிள்ளையைச் சட்டப்படி ஒப்படைக்கிற குழந்தைகள் நலக் குழுவுக்கு அழைத்துப் போக வேண்டும். மனம் மாற அவளுக்குச் சட்டமே இரண்டு மாதம் தருகிறது.

இன்னொன்று, ஆண்கள் சபையால் மட்டும் முடிகிற வேலை. அந்தக் கணவனைத் தேடி இதுவரை ஒருவரும் போகவில்லை. அவளுடைய ஒழுக்கத்தை விசாரித்தவர்கள் உண்டு, அவன் எங்கே என்று விசாரித்தவர் இல்லை. நான்கு பேர் ரயிலேறிப் போய் அவன் வேலை செய்யும் இடத்தில் நின்று பேசினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா?

பத்து நாள் திருவிழாவுக்கு லைட் செட்டும் வாணவேடிக்கையும் கச்சேரியும் குறைவில்லாமல் நடக்கின்றன. தேரை எந்தத் தெரு முதலில் இழுப்பது என்று நள்ளிரவுவரை கூட்டம் போட நேரம் இருக்கிறது. ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பரில் கரையிலே நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். அதே அண்ணன்மார்தானே நீங்கள்? 1833-ல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது அவருக்கு 20 வயது. அந்தச் சபையினர் இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீடு தேடிப் போனார்கள். மனு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, ஒரு தாய்க்கு ஒரு குடும்பம் என்பதைத் தீர்மானமாக எடுக்கும்படி பணிவோடு கேட்கிறேன். எந்தத் தாய் எங்கே இருக்கிறாள், எந்த வாரம் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித்தர நான் தயார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தலைதொட்டப்பனாக, அதாவது ஞானத்தந்தையாக நிற்க இன்னும் ஆள் அமையவில்லை. உங்களில் ஒருவர் வருவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் பங்குச் சகோதரி