சாப்டாச்சா?

அன்புள்ள கலா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் "அப்புறம் கூப்பிடுறேன்டி" என்று வைத்துவிட்டேன். கோபமாக இருப்பாய், இரு. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சுமதி சொன்னாள். உன் பையனும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டானாமே, இனி வீட்டில் யாரை அதட்டிக்கொண்டு இருக்கிறாய்? இங்கே அவர் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்கேட்டில் இரண்டு நாய்கள் கிடக்கும். வாட்ச்மேன் அண்ணன் ஒரு நாள் என்னை நிறுத்தி, "டீச்சர், இந்த நாய் ரெண்டும் தினமும் எலுமிச்சஞ்சாதமும் தயிர்ச்சாதமுமா திங்குது. எந்தப் பிள்ளை கொண்டாந்து கொட்டுதுன்னு பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வு நேரம், மதிய இடைவேளையில்கூட நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் தென்காசியிலிருந்து நாத்தனார் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டிக்கர் அனுப்பினாள். ஒரு பிள்ளை சோற்றைக் கை நிறைய அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறது. கண் பாதி மூடியிருக்கிறது, வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, தாடையில் ஒரு பருக்கை. கீழே மஞ்சள் எழுத்தில் 'சாப்டாச்சா?' நான் சிரித்தேன் கலா. பதிலுக்கு ஒரு சிரிப்பு எமோஜியும் தட்டினேன். அதற்குப் பிறகுதான் காலரைப் பார்த்தேன். எங்கள் சீருடை. பெரிதாக்கிப் பார்த்தால் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, இரண்டாவது பெஞ்ச்.

தென்காசிக்கு அது எப்படிப் போனது என்று கேட்டேன். "எல்லார்ட்டயும் இருக்கு அத்தை, எங்க டியூஷன் குரூப்ல வந்துச்சு" என்றாள்.

திங்கட்கிழமை மதியம் பின்கேட்டுக்குப் போனேன். அவள்தான். டிபன் பாக்ஸை முழுதாகக் கவிழ்த்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று ஸ்பூனை மட்டும் சோற்றில் புரட்டி எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வாரம். ஏழு வாரமாக அந்தப் பிள்ளை யார் கண்ணிலும் படும்படி ஒரு வாய் சாப்பிடவில்லை. பேசும்போதுகூடக் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வகுப்பை ஸ்டாஃப் ரூமில் "என் பிள்ளைங்க சத்தமே போடாதுங்க" என்று பெருமையடித்தவள் நான். அந்தச் சத்தமின்மைக்குள் இது நடந்திருக்கிறது.

படம் எடுத்தது டூர் போன அன்றைக்கு. எடுத்தவள் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்ணேதான். கூப்பிட்டுக் கேட்டால் அழுகிறாள்: "நான் ஒரு தடவைதான் மிஸ் அனுப்பினேன்." அது பொய்யும் இல்லை. இதை நான் இரண்டு நாள் யோசித்தேன். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை செய்த டான் ஒல்வேயஸ் என்பவர்தான் பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வதைப்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவர் மேல் செய்வது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது வதை என்று வகுத்தார். அது போன் இல்லாத காலத்துக் கணக்கு. இங்கே ஒருத்தி ஒரு தடவைதான் செய்தாள், திரும்பத் திரும்பச் செய்தது மற்ற முப்பத்தேழு பேர். அதுவும் வன்மத்தோடு இல்லை. 'சாப்டாச்சா' என்பது நம் ஊரில் தினம் நாலு தடவை கேட்கிற கேள்வி, அதற்குத் தோதாக ஒரு ஸ்டிக்கர் கிடைத்தால் யார் விடுவார்கள்? பாதிப் பிள்ளைகளிடம் இருப்பது அம்மா போன். அந்த அம்மாக்களே யாரென்று தெரியாமல் அண்ணனுக்கும் மச்சினிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நானும் சிரித்தேனே. அனுப்பியவள் அழித்துவிட்டாலும், ஸ்டிக்கரைச் சேமித்து வைத்தவர் போனில் அது அப்படியேதான் இருக்கும்.

போன் யார் வாங்கிக் கொடுக்கச் சொன்னது என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு. நாம்தானே சொன்னோம்! 2020ல் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறோம் என்று வீடுவீடாகச் சொன்னது நாம். கம்மலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு டீச்சர், "அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்பிடப் பழகணும்" என்றார். அன்றைக்கு அவரோடு பேசவில்லை, இன்னும் பேசவில்லை. எச்.எம். படம் எடுத்தவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். அனுப்பினால் ஸ்டிக்கர் போய்விடுமா? அந்தப் பிள்ளை வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் உட்காரும், இங்கே முப்பத்தேழு பேரும் தங்களுக்கு இதில் பங்கே இல்லை என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

"புகார்ப் பெட்டி இருக்கே, சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார்கள். 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, எச்.எம். அறை வாசலில். அந்த வாசலில் எல்லார் பார்வையிலும் நின்றுகொண்டு எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? அதோடு, சொன்னால் என்ன நடக்கும் என்று இந்த ஜில்லாப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படிக்கிறவர்கள் தொல்லை கொடுக்கிறார்கள் என்று சொன்ன பையனை வீடு புகுந்து வெட்டினார்களே, தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அது சாதி, இது வேறு. ஆனால் வாயைத் திறந்தால் ஆபத்து என்ற பாடத்தைப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே படித்துக்கொள்கிறார்கள். பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது, அவரும் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். அதில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். "சொன்னா அப்பா போனைப் புடுங்கிருவாங்க மிஸ். அப்புறம் குரூப்ல என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னே எனக்குத் தெரியாது." பதினான்கு வயதுப் பிள்ளையின் கணக்கைப் பார்த்தாயா? தன்னை அறைகிற கை தன் கண்ணுக்குத் தெரிந்தால் போதுமாம்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்று ஒரு பேராசிரியர். வதைக்கிறவரை விட்டுவிட்டு, சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தவர். கூடச் சேர்ந்து செய்கிறவர், சிரித்து ஏற்றிவிடுகிறவர், விலகி நிற்கிறவர், தடுக்கிறவர் என்று பிரித்தார். சிரிப்புதான் கூலி, அது நின்றால் செய்கிறவருக்குச் சுவை போய்விடும். இந்த எண்ணத்தின் மேல் 'கிவா' என்று ஒரு திட்டமே போட்டு, 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடத்தினார்கள். அதில் ஒரு வேலை எனக்குப் பிடித்தது. வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, "இவளுக்குத் துணையாக இருங்கள்" என்று கேட்பது.

நம் வகுப்பில் அப்படி யார் என்று தேடினேன். தேடப்போய்த்தான் தெரிந்தது, முதல் நாளே ஒரு பையன் குரூப்பில் "பாவம்டா, விடுங்கடா" என்று எழுதியிருக்கிறான். இரண்டே நிமிடத்தில் அவனைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். கடைசி பெஞ்ச், கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாதவன், நான் நித்தம் திட்டுகிறவன். "அப்புறம் யாரும் எங்கூட பேசல மிஸ், பரவால்ல" என்றான். அந்தப் "பரவால்ல"வைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன் கலா.

வகுப்பில் யார் பெயரையும் எடுக்கவில்லை. முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராக மரத்தடிக்குக் கூப்பிட்டு, "நீ அதை யாருக்கெல்லாம் அனுப்பின?" என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். ஆறு நாள் ஆயிற்று. அழிக்கச் சொன்னேன், என் போனைத் திறந்து நான் முதலில் அழித்துக் காட்டினேன், நானும் சிரித்ததைச் சொன்னேன். கரும்பலகை ஓரத்தில் குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417, சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்று மூன்று எண்களும் எழுதி வைத்திருக்கிறேன், அழிக்காதே என்று பெட்டி போட்டு. புகார்ப் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றச் சொல்லி எச்.எம்.மோடு சண்டை, மாற்றிவிட்டார். இப்போது அந்தப் பையனும் இரண்டு பெண்களும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நேற்று நாலு வாய் சாப்பிட்டாள், இடது கையால் மறைத்துக்கொண்டு. படம் எடுத்தவள் தூரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அவளை என்ன செய்வதென்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது நம் விஷயம். இரண்டாம் வருஷ ஹாஸ்டல் டே ஞாபகம் இருக்கிறதா? விஜியின் குறட்டையை ராத்திரி பதிவு செய்து மைக்கில் போட்டார்களே. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் நாம் எல்லாரும் தூங்கும்வரை முழித்தே இருப்பாள், நீயும் பார்த்திருக்கிறாய். மூன்றாம் வருஷம் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலிருந்து பஸ்ஸில் வர ஆரம்பித்தாள், தினம் மூன்று மணி நேரம். அந்த டேப் ரெக்கார்டர் என்னுடையது கலா. எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. நல்லவேளை அது ஒரே ஒரு கேசட், எங்கோ தொலைந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைந்தது நமக்குத்தான், அவளுக்கு எப்படித் தொலைந்திருக்கும்?

உன் சித்தி ஊர்தானே அவளுக்கு. சித்தியிடம் கேட்டு நம்பர் வாங்கி அனுப்பு. நீயும் லைனில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும், ஆனால் முதலில் நான்தான் பேசுவேன். புதன்கிழமை எனக்குக் கடைசி பீரியட் இல்லை, மூன்றரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

உன்
ராணி