எண்ட்நோட்டிலிருந்து ஜோட்டேரோவுக்கு மாறுகிறோம்

நண்பர்களே, ஆய்வுக் குறிப்புகளையும் மேற்கோள்களையும் சேர்த்து வைக்கும் எண்ட்நோட் மென்பொருளில் உள்ள நம் பொது நூற்பட்டியலை இந்த வார இறுதியில் ஜோட்டேரோவுக்கு மாற்றுகிறோம். அதே வேலைக்காக 2006இல் வெளிவந்த இலவசத் திறமூல மென்பொருள் அது. படிப்பு முடிந்து எண்ட்நோட் உரிமம் போனாலும் சேர்த்தது கையில் இருக்கும். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

வெள்ளி இரவுக்குப் பிறகு எண்ட்நோட்டில் எதையும் சேர்க்காதீர்கள். நகல் எடுக்கும்போது நூலகக் கோப்பு மட்டும் போதாது, அதே பெயரில் உள்ள டேட்டா ஃபோல்டரும் வேண்டும். பிடிஎஃப்கள் எல்லாம் அதற்குள்தான்.

முக்கியமானது இது: எண்ட்நோட்டில் பதிவுகளை நாம் பிரித்து வைத்த குழுக்கள் ஏற்றுமதியில் வராது. அதனால் ஒவ்வொரு குழுவின் பெயரையும் அதிலுள்ள பதிவுகளின் கீவேர்ட்ஸ் பகுதியில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஜோட்டேரோவில் அவை டேக்குகளாக வந்துவிடும். பல வருட உழைப்பு, ஒன்றுகூடக் கலையக் கூடாது.

ஆய்வேட்டின் நடுவில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வேர்டில் ஏற்கெனவே போட்ட மேற்கோள்கள் தானாக மாறாது. அந்த அத்தியாயத்தைப் பழையதிலேயே முடியுங்கள்.

அப்புறம், ஜோட்டேரோ சர்வரில் இலவச இடம் 300 எம்பிதான். பொதுவில் பதிவுகள் மட்டும், பிடிஎஃப்கள் அவரவர் கணினியில். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், சனிக்கிழமை முழுக்க இருப்பேன்.