கலை வரலாற்றைத் தனித்தனி அறைகளில் பூட்டாதீர்கள்: பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் கலை வரலாற்றுப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நீங்கள் வைக்கும் உலகக் கலை வரலாற்று அறிமுகத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். தாளின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். குகை ஓவியத்தில் ஆரம்பிக்கும். எகிப்து, கிரேக்கம், ரோம் வரும். அப்புறம் மறுமலர்ச்சி, பரோக், இம்ப்ரெஷனிசம், கியூபிசம் என்று ஒரே நேர்கோட்டில் போகும். இடையிலோ கடைசியிலோ இந்தியாவுக்கு ஓர் அலகு, சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சேர்த்து ஓர் அலகு, இஸ்லாமியக் கலைக்கு ஓர் அலகு, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் ஒரு வாரம். செமஸ்டரில் நாள் போதாமல் போனால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஒரு வாரம்.

இந்தப் பாடத்தை நான் படித்தேன், இப்போது கற்பிக்கவும் செய்கிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பண்பாடுகளைத் தனித்தனி அலகுகளில் அடைப்பதை விடுங்கள். ஓவியமும் சிற்பமும் அவற்றைச் செய்யும் பொருள்களும் ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் போக்குவரத்தை நடுவில் வைத்துப் பாடம் சொல்லுங்கள்.

ஒரு நிறத்தை எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு புதிய நீலம் உருவானது. ப்ரஷியன் நீலம் என்று பெயர். ஆழமான நிறம், எளிதில் வெளிறாது, ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டி எடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்யும் நீலத்தைவிட விலை மிகக் குறைவு. டச்சு, சீன வணிகர்கள் வழியாக அது ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. 1831 வாக்கில் ஜப்பானியக் கலைஞர் ஹோகுசாய் தன் பேரலை அச்சுப்படத்தில் பயன்படுத்தியது அந்த நீலத்தைத்தான். அந்தப் படத்தில் அலை பெரிதாக முன்னால் எழும்ப, ஃபியூஜி மலை சிறியதாகத் தூரத்தில் ஒதுங்கி நிற்கிறது. இப்படித் தூரத்தைக் காட்டும் முறையும் ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்து ஜப்பானியக் கலைஞர்கள் எடுத்து, தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. கதை அத்தோடு முடியவில்லை. 1850-களில் ஜப்பானியத் துறைமுகங்கள் திறந்த பிறகு மரக்கட்டை அச்சுப்படங்கள் பாரிஸுக்கு வந்து குவிந்தன. 1887-ல் வான் கோ, ஹிரோஷிகே என்ற இன்னொரு ஜப்பானியக் கலைஞரின் இரண்டு அச்சுப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். ஒன்றில் பூத்த பிளம் மரம், மற்றொன்றில் பாலத்தின் மேல் கொட்டும் மழை. ஐரோப்பாவிலிருந்து போன நீலம், ஜப்பானில் வேறொரு பார்வையோடு சேர்ந்து, மறுபடி ஐரோப்பாவுக்கே வந்து அங்கே ஓவியம் வரையும் விதத்தை மாற்றியது.

உங்கள் பாடத்திட்டத்தில் ஹோகுசாய் ஆசியா அலகில் இருப்பார். வான் கோ பின்-இம்ப்ரெஷனிச அலகில் இருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஆறேழு வாரம் இடைவெளி. இருவரையும் படித்து, தேர்வும் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய மாணவர் இந்தக் கதையைக் கேள்விப்படாமலே பட்டம் பெற முடியும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. 1600-ல் முகலாய அரசவையில் அபுல் ஹசன் என்ற சிறுவன், ஜெர்மானியக் கலைஞர் டியூரரின் அச்சுப்படம் ஒன்றிலிருந்த புனித யோவானைப் பார்த்து வரைந்தான். துணி மடிப்பின் கனத்தைக் கூட அவன் பிடித்திருக்கிறான். அதே சிறுவன்தான் பின்னர் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவரானான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் முகலாய நுண்ணோவியங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அந்த வரைபடங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அவர் வரைந்தது பெரும்பாலும் ஜப்பானியத் தாளில். ஐரோப்பாவில் உட்கார்ந்து, ஜப்பானியத் தாளில், இந்திய ஓவியத்தைப் பார்த்து வரைந்த ஒருவரை எந்த அலகில் போடுவீர்கள்? 'டச்சு பரோக்' என்ற தலைப்பின் கீழ் அவருடைய இரவுக் காவல் ஓவியத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சரி, 'தாக்கம்' என்று ஒரு பத்தி சேர்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. பல பாடநூல்களில் தாக்கம் ஒரே திசையில்தான் ஓடுகிறது. காந்தாரப் புத்தரின் ஆடை மடிப்பில் கிரேக்கச் சாயல் என்று பெருமையாக எழுதுகிறோம். பிக்காசோ 1907-ல் பாரிஸின் த்ரோகாதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்ததையும் எழுதுகிறோம். ஆனால் அந்த முகமூடிகளைச் செதுக்கியவர்கள் எந்த மக்கள், எதற்காகச் செய்தார்கள், அணிந்து ஆடும்போது அவை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு வரி கூட இருக்காது. பிக்காசோவுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. முகமூடிக்கு ஒரு கண்டத்தின் பெயர் மட்டும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இஃபே சான்று. இன்றைய நைஜீரியாவில் உள்ள இஃபேயில் யொரூபா மக்கள் வார்த்த உலோகத் தலைச்சிற்பங்கள் உலகின் எந்தச் சிற்பத்துக்கும் குறைந்தவை அல்ல. 1910-ல் அங்கே போன ஜெர்மானிய ஆய்வாளர் லியோ ஃப்ரோபீனியஸ், அந்தச் செம்மையைப் பார்த்து அதை ஆப்பிரிக்கர்கள் செய்திருக்க முடியாது என்று முடிவுகட்டி, கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸின் எச்சம் என்று எழுதினார். 1938-ல் அதே ஊரில் மேலும் பல தலைகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. கலை வரலாறு படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இந்தச் சம்பவம் முதல் மாதத்திலேயே தெரிய வேண்டும். இந்தத் துறை தன் கண்ணால் பார்த்ததையே நம்ப மறுத்த காலமும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு கதை, அதே இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரின் பித்தளைப் பலகைகளுடையது. 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைத் தாக்கிச் சூறையாடியதால் அவை ஐரோப்பாவுக்கு வந்தன. 2022-ல் ஜெர்மனி தன்னிடமிருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக்கொடுக்க ஒப்பந்தம் செய்தது. ஒரு படைப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதும்போதே, அது எப்படி அங்கே போனது என்றும் மாணவர் எழுதப் பழக வேண்டும். இது தனி அலகாக வேண்டாம். ஒவ்வொரு படைப்போடும் வரட்டும்.

காலவரிசை கெட்டுவிடும் என்பது எல்லாக் கூட்டங்களிலும் எழும் ஆட்சேபம். அதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் யேல் பல்கலைக்கழகம் மறுமலர்ச்சி முதல் இன்று வரையிலான தன் புகழ்பெற்ற அறிமுகத் தாளை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது பெரிய விவாதம் நடந்தது. பட்டுப்பாதை, புனிதத் தலங்கள் போன்ற கருப்பொருள் தாள்கள் அந்த இடத்துக்கு வந்தன. என் கருத்து சற்று வேறு. முதலாம் ஆண்டு மாணவருக்குக் காலம் என்ற முதுகெலும்பு தேவை. எது முன், எது பின் என்று தெரியாதவருக்குக் கருப்பொருள் தாளில் கால் ஊன்ற இடம் கிடைக்காது. அதனால் காலவரிசையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடப்பதற்குப் பதிலாக, ஒரு காலத்தில் நின்று உலகத்தைச் சுற்றிப் பாருங்கள்.

1500-ஐ ஒட்டிய முப்பது நாற்பது ஆண்டுகளில் நின்று பார்த்தால் என்னவெல்லாம் தெரிகிறது! மைக்கலாஞ்சலோ டேவிட் சிலையை 1504-ல் முடிக்கிறார். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத்தில் பிஹ்ஸாத் பாரசீக நுண்ணோவியத்தில் அதுவரை இல்லாத உயிரோட்டத்தைக் கொண்டுவருகிறார். ஜப்பானில் முதிர்ந்த வயதில் செஷ்ஷூ மையால் நிலக்காட்சி வரைகிறார். இன்றைய மெக்சிகோவில், அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானில் அஸ்டெக் சிற்பிகள் மாபெரும் கற்சிற்பங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 1520-ல் டியூரர் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போகிறார். மெக்சிகோவிலிருந்து பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு வந்த பொன், வெள்ளி வேலைப்பாடுகளைப் பார்த்து, வாழ்நாளில் தன் மனம் இவ்வளவு மகிழ்ந்ததில்லை என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். பொற்கொல்லரின் மகன் அவர். அந்த வேலையின் தரம் அவருக்குத் தெரியும். மெக்சிகோவிலிருந்து அப்படிப் போன பொன் வேலைப்பாடுகளில் பெரும்பகுதி பின்னர் உருக்கப்பட்டுவிட்டது. இந்த ஒரு குறுக்குவெட்டில் காலவரிசையும் இருக்கிறது, பண்பாடுகளின் சந்திப்பும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. இரண்டு வாரம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு வாரத்தை எங்கிருந்து எடுப்பது? படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும், கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. கலை வரலாற்றுத் தேர்வின் பட்டியலிலேயே 250 படைப்புகள். கல்லூரித் தாள்களிலும் நூற்றுக்கணக்கில் ஸ்லைடுகள். ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம், பெயர், கலைஞர், ஆண்டு, அடுத்தது. திரையில் எல்லாமே ஒரே அளவு. வில்லன்டார்ஃப் வீனஸ் என்ற கற்காலப் பெண் சிலை 11 சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கும். பிக்காசோவின் கெர்னிகா ஓவியம் ஏறக்குறைய 7.8 மீட்டர் அகலம். இரண்டும் மாணவர் நினைவில் ஒரே செவ்வகமாகப் பதிகின்றன.

சீனச் சுருள் ஓவியத்துக்குத் திரை செய்யும் கொடுமை இதைவிட அதிகம். ஜாங் செதுவான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வரைந்த ஆற்றங்கரை நகரச் சுருள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், உயரமோ 25 சென்டிமீட்டர் கூட இல்லை. அதை மேசையில் வைத்து, வலப்பக்கத்திலிருந்து கைக்கு எட்டும் அகலத்துக்குப் பிரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே நகர வேண்டும். வயல்வெளி வரும், படகுகள் வரும், வளைந்த பாலத்தில் கூட்டம் வரும். அடுத்து என்ன என்பது கையில்தான் இருக்கிறது. முழுச் சுருளையும் ஒரே ஸ்லைடில் போட்டால் ஒரு பழுப்பு நாடா தெரியும், அவ்வளவுதான். ஒரு தாளில் நீளமாக அச்செடுத்து மாணவர்களையே பிரித்துச் சுருட்டச் சொல்லிப் பாருங்கள். வகுப்பின் முகமே மாறும்.

மெதுவாகப் பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்ற பேராசிரியர் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். அமெரிக்க ஓவியர் காப்லி 1765-ல் வரைந்த, அணில் வைத்திருக்கும் சிறுவனின் ஓவியத்தை அவரே அப்படிப் பார்த்தபோது, சிறுவனின் காது மடலும் அணிலின் வயிற்றோர வளைவும் ஒரே வடிவம் என்பதைக் கவனிக்க ஒன்பது நிமிடம் ஆனதாக எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்கே ஒன்பது நிமிடம்! ஒன்றரை நிமிட ஸ்லைடில் ஒரு முதலாமாண்டு மாணவர் என்ன பார்த்துவிட முடியும்?

ஆகவே அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இவற்றை எடுத்துப் பேசுங்கள். படைப்புகளின் எண்ணிக்கையை நாற்பதுக்கோ ஐம்பதுக்கோ கொண்டுவாருங்கள். அலகுகளை நாடுகளின் பெயரில் பிரிக்காமல் காலக் குறுக்குவெட்டுகளாகப் பிரியுங்கள். ஒருவரே எல்லாப் பண்பாட்டையும் கற்பிக்க முடியாது என்பது உண்மை. இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே தாளைப் பகிர்ந்துகொள்ள அனுமதியுங்கள். தேர்வில் படத்தைக் காட்டிப் பெயரும் ஆண்டும் கேட்கும் பகுதிக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். அதற்குப் பதில், வகுப்பில் காட்டாத ஒரு படைப்பைக் கொடுத்து, ஒரு மணி நேரம் தந்து, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள்: என்ன பொருளில் செய்தது, எங்கே வைத்துப் பார்த்திருப்பார்கள், வகுப்பில் படித்த எதோடு இதற்கு உறவு இருக்கக்கூடும், ஏன் அப்படித் தோன்றுகிறது. திருத்த அதிக நேரம் ஆகும் என்பது தெரிந்தே கேட்கிறேன். அந்த விடைத்தாள்களில் என் பங்கைத் திருத்த நான் தயார்.

அன்புடன்,
கலை வரலாறு கற்பிக்கும் ஒருவர்