பாட்டு பீரியடை எடுத்துக்காதீங்க

பள்ளி தலைமையாசிரியர்களுக்கும் டைம்டேபிள் போடுறவங்களுக்கும் வணக்கம். நான் ஒரு பாட்டு டீச்சர்.

பரீட்சை நெருங்குனாலே முதல்ல காணாம போறது பாட்டு பீரியடும் டிராயிங் பீரியடும்தான். "போர்ஷன் முடியல, இந்த ஒரு தடவை மட்டும்"னு கேப்பாங்க, நீங்களும் குடுத்துருவீங்க, அப்புறம் அது ஒரு தடவையோட நிக்காது, வருஷக் கடைசி வரைக்கும் போயிடும்.

என் கிளாஸ்ல திக்கிப் பேசுற பையன் ஒருத்தன் இருந்தான். அட்டெண்டன்ஸ்ல "பிரசென்ட்" சொல்ல முடியாம "ப"லயே நின்னு தவிப்பான், மத்த பிள்ளைங்க திரும்பிப் பார்ப்பாங்க. அதே பையன் எல்லாரோடயும் சேர்ந்து பாடும்போது ஒரு எழுத்து தடுக்காது. திக்குறவங்க நிறைய பேருக்கு பாடும்போது திக்காதுங்கறது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா அவனுக்கு வாரத்துல அந்த 40 நிமிஷம்தான் குரல் அவன் சொன்னபடி கேக்கற நேரம். அதையும் போர்ஷனுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல.

பாட்டு கத்துக்கிட்டா கணக்குல மார்க் ஏறும்னு எங்க ஆளுங்களே கெஞ்சுறதுண்டு. அது வேண்டாங்க. 2004ல டொரன்டோல 6 வயசு பிள்ளைங்க 144 பேரை வச்சு செஞ்ச ஆய்வு வெளிவந்துச்சு, இசை கத்துக்கிட்டவங்களுக்கு ஐக்யூ மத்தவங்களை விட ரெண்டு மூணு பாயிண்ட்தான் கூட ஏறுச்சு. அதே ஆய்வுல நாடகம் கத்துக்கிட்டவங்க மத்தவங்களோட பழகுறதுல முன்னேறினாங்க, என்னைக் கேட்டா அதுதான் பெரிய விஷயம். 1989ல வந்த ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையோட 31வது பிரிவு, கலைல பங்கெடுக்கறது குழந்தையோட உரிமைன்னு சொல்லுது, மார்க் ஏறுனாதான்னு அதுல எங்கயும் போடல.

டிராயிங் கிளாஸ்ல உங்க கையையே பார்த்து வரைங்கன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல வட்டம் போட்டு அஞ்சு குச்சி நீட்டிடுவாங்க, இன்னும் பாருன்னு சொன்னா அப்புறம்தான் கட்டைவிரல் வேற பக்கமா திரும்பி இருக்கறது, மடிக்கிற இடத்துல சுருக்கம் இருக்கறதெல்லாம் கண்ணுல படும். பொறந்ததுலேருந்து கூடவே இருக்கற கை, அன்னைக்குத்தான் பார்க்குறாங்க. பாட்டுலயும் அப்படித்தான், நாலு எண்ணிக்கை வாயை மூடிக்கிட்டு பக்கத்து வரிசை பாடறதைக் கேட்டு சரியான இடத்துல பாட்டை எடுக்கணும், கேக்காதவன் எடுக்கவே முடியாது.

அதனால இந்த வருஷம் போர்ஷன் பாக்கின்னு யாராவது வந்து நின்னா, தயவுசெஞ்சு எங்க பீரியடை கைகாட்டாதீங்க.